நாலு விரல் கிளட்ச் பெடல்

இன்று காலை எங்கள் அடுக்ககத்துத் தோட்டத்தில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார்கள். அறுபட்ட புல்லும் பெட்ரோல் புகையும் கலந்த வாசனை மூன்றாவது மாடி வரைக்கும் ஏறி வந்தது. எழுந்துபோய் ஜன்னலை அடித்துச் சாத்தினேன். அந்த வாசனை வந்தால் நான் ஜன்னலைச் சாத்துவேன் என்பது இந்த நங்கநல்லூர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரணம் நீ என்பது ஒருவருக்கும் தெரியாது.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டியதை இப்போது காகிதத்தில் கேட்கிறேன். அன்றைக்கு உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

எழுபதுகளின் தொடக்கம். மந்தைவெளிப் பட்டறையில் நீ இன்ஜின் வேலை, நான் வெல்டிங். பெரிய பங்களாக்களின் தண்ணீர் பம்பும் புல்வெட்டும் மிஷினும் நம்மிடம்தான் வரும். அடையாறில் ஒரு கிளப் தன் விளையாட்டு விழாவுக்குப் புதிதாக ஒரு கூத்து ஏற்பாடு செய்தது. கழித்துப் போட்ட, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் மிஷினில் கத்தியைக் கழற்றிவிட்டு, இஷ்டப்பட்ட இன்ஜினைப் பூட்டிப் பந்தயம் விடலாம்; செய்தவனே ஓட்டலாம். முதலாளி ஒரு மிஷினை வாங்கி வந்து இறக்கிய நிமிஷமே நீ போய் அவர் முன்னால் நின்றாய். "நீ கட்டினா நீயே ஓட்டுப்பா" என்றார் அவர். என் காதால் கேட்டேன்.

உன் இடது கால் சின்ன வயது ஜுரத்தில் சூம்பியது. வலது காலைவிட நாலு விரல் குட்டை. தெருவில் உன்னோடு நடந்தால் பின்னால் வருகிற பால்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லோரும் நம்மைத் தாண்டிப் போவார்கள். அதைப் பற்றி நீ ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. மிஷின் வந்த அன்றைக்குத்தான் சொன்னாய்: "ஒரே ஒரு தபாடா. நான் முந்திகினு போவணும். அத்த நாலு பேரு பாக்கணும்."

அதற்காகத்தான் அந்தப் பெடல். நாம் பூட்டியது பழைய ஸ்கூட்டர் இன்ஜின். அதற்குக் கிளட்ச் கையில்தான். பேசாமல் கையிலேயே விட்டுவிடலாம், உன் காலுக்கும் நல்லது என்றேன். உனக்கு வந்ததே ரோஷம்.

"கார்ல எல்லாருக்கும் எங்க கீது? இடது கால்லதானே? எனக்கும் அங்கயே வைடா."

"மிதிக்க முடியுமா உன்னால?"

"முடியற மாதிரி செய்றது உன் வேல, நைனா."

செய்தேன். காகிதத்தில் வரைகிற பழக்கம் நமக்கு ஏது? உன்னை சீட்டில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரை சணல் கயிற்றைப் பிடித்து, காலுக்கு ஒரு முடிச்சாக இரண்டு முடிச்சுப் போட்டேன். முதல் தடவை எல்லாம் வீண். உனக்கென்று செருப்புத் தைப்பவர் தடித்த அடி வைத்துக் கொடுத்த இடது செருப்போடு உட்கார்ந்திருந்தாய். நானும் கவனிக்காமல் அளந்துவிட்டேன். பெடலை மாட்டியபிறகு, "ரேஸுக்கு இத்த போட்டுகினு வர மாட்டேன்" என்று செருப்பைக் கழற்றி மூலையில் வீசினாய். கால் பெடலுக்கு எட்டவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே மறுபடி அளந்தேன்.

இரண்டாவது தடவை தரைத் தகரத்திலேயே பெடலைப் பூட்டினேன். நீ மிதித்தால் கிளட்ச் விடவில்லை, தகரம் வளைந்தது. பிறகு அடியில் ஆங்கிள் இரும்பு கொடுத்து, சேஸிஸோடு வெல்டு வைத்து, அதன்மேல் மாட்டினேன். லேசாக மிதித்தாலே கேபிள் இழுக்கும்படி பெடல் தண்டை நீளமாக்கினேன். அதிகம் போய்க் கேபிள் அறுந்துவிடாமல் தடுக்க ஒரு போல்ட்டை நிறுத்தினேன். பெடல் திரும்பி வர சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங். வலது பக்கம் பிரேக், பின்சக்கர டிரம்முக்குக் கம்பி கொடுத்து. கடைசியாக, கிளட்ச் பெடலின் முகத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றவைத்தேன். உன் கால் பெடலைத் தேடிப் போக வேண்டாம், பெடல் உன் காலைத் தேடி வரட்டும் என்று. பட்டறைச் சந்தில் நீ அதை மிதித்து கியர் மாற்றியபோது உன் முகம் இருந்த இருப்பை எனக்கு மறக்கத் தெரியவில்லை.

பந்தயத்தன்று காலையில், ஒரு கேபிள் கூடுதலாகக் கையில் இருக்கட்டும் என்று வாங்கப் போனேன். நான் கிளப் மைதானத்துக்குள் நுழைந்தபோது சீட்டில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள், கறுப்புக் கண்ணாடி. நீ ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாய். கிளட்ச் பெடலின் முகம் மொட்டையாக இருந்தது. அந்தப் பெட்டி இருந்தால் அவனுக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்குமாம்.

முதலாளி என்னைத் தோளில் தட்டி, "பெரிய மனுஷங்க குடும்பத்தோட வந்திருக்காங்க. இவன் நொண்டிக்கிட்டு வந்து ஏறினா பாக்கிறவங்களுக்கு சங்கடமா இருக்கும்பா" என்றார். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

"நீயா அறுத்தே?" என்றேன்.

"அவரு கேட்டாரு. நான் இன்னா சொல்றது?"

இன்னா சொல்றதா? முடியாது என்று சொல்வது. இது என் கால் அளவு என்று சொல்வது. அதுவும் முடியாவிட்டால், அறுக்கிற வேலையையாவது அவனையே செய்துகொள்ளச் சொல்வது. நான் வைத்த வெல்டில் உன் கையாலேயே ரம்பம் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாய். கேபிளை உன் காலடியில் விட்டெறிந்தேன். அவன் முதலாவதாக வந்தான். நீ கைதட்டினாய். அந்தக் கைதட்டலை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. கோப்பை கொடுப்பதற்குள் கிளம்பிவிட்டேன். அந்த வாரமே பட்டறையையும் விட்டேன்.

அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டோம். உன் கல்யாணத்தில், என் பெண் கல்யாணத்தில், எத்தனையோ சாவு வீடுகளில். மழை பேசினோம், முட்டிவலி பேசினோம். அதைப் பற்றி மட்டும் நீ வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கன். நானாகவும் கேட்கவில்லை, தப்பு செய்தவன் முதலில் பேசட்டும் என்று வீம்பு.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அசோக் நகர் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தபோது உன் மகள் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "மாமா, இது உங்களுதாம். குடுத்துடச் சொல்லிகினே இருந்தாரு." உள்ளே அந்த இரும்புப் பெட்டி, துரு ஏறாமல், எண்ணெய் தடவி. அதைச் சுற்றி என் சணல் கயிறு, இரண்டு முடிச்சோடு. பெட்டியின் ஓரத்தில் இரண்டு துளைகள். அவை நான் போட்டவை இல்லை.

"அன்னிக்கி சாயங்காலம் எல்லாரும் போனப்புறம், இத்த போல்ட்டு போட்டு மாட்டிகினு அப்பாவே ஓட்டினாராம். காலி கிரவுண்டுல. தோட்டக்காரரு மட்டும்தான் இருந்தாராம்" என்றாள்.

"என்னாண்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கோவமா இருந்தீங்களாம். அவன் கோவம் போவட்டும், அப்பால சொல்லிக்கலாம்னுவாரு."

"எத்தினி சுத்து சுத்துனாராம்?"

"அது தெரியலியே, மாமா."

வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. முந்துவதற்கு யாருமில்லாத மைதானத்தில், பார்க்க ஒரு தோட்டக்காரரை வைத்துக்கொண்டு ஓட்டினாயே, நாலு பேரில் ஒருவனாக நான் அங்கே இருந்திருக்க வேண்டாமா? அன்று சாயங்காலம் வரை பொறுத்திருக்கத் தெரியாத என்மேலும்தான் கோபம். கோபம் போகட்டும் என்று ஆயுசு முழுக்கக் காத்திருந்தாயே, என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? அது எங்கே போகும்?

பெட்டி இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. கீழே மிஷின் இன்னும் ஓடுகிறது, ஜன்னலைத் திறந்துவிட்டேன். கோபம் போகவில்லை. அது போகும் என்று இனிமேலும் காத்திருக்காதே. எத்தனை சுற்று, அதை மட்டும் சொல்லு.