கானல் அரசனுக்குத் தண்ணீர்

ஜூலை 12, சனி

விடிந்ததிலிருந்து புழுக்கம். காற்று கிளம்பினால் புழுதி, நின்றால் வேர்வை.

ஆறு மணிக்கு அத்தைக்குச் சொட்டு மருந்து. புரை எடுத்த கண்ணுக்கு நாலு வேளை, ஒரு மாதம். காரியாபட்டியில் தனியாக இருந்தால் சரியாக விட்டுக்கொள்ளாது என்று ரூ. இங்கே கூட்டிவந்துவிட்டாள். வாசிக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. அத்தை கேட்டது: "பேசலாமா மாப்பிள்ளை?"

(ரூபியை ரூ. என்று எழுதினால் ரூபாய் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். அவளுக்கு இந்த நோட்டு தெரியாது.)

மதியம் மதுரையிலிருந்து பார்சல். பத்துப் பிரதி. தாகபுரம், நான்காம் பாகம், கானல் அரசன். எழுதியவர்: ரூபி. அட்டை நம் பிரஸ்ஸில் ஓடியது. நான் நின்ற மெஷின். சீசன் நேரம், பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் கூரை முட்டக் கிடக்கிறது, அதற்கு நடுவில் முதலாளியிடம் கேட்டு அரை நாள் வாங்கினேன். நீலம் கொஞ்சம் தூக்கல். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ரூ. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடிந்து மூன்றரைக்கு வந்தாள். கை கழுவினாள். ஒரு பிரதியை எடுத்து முகர்ந்தாள். வைத்தாள். "சோறு இருக்கா?" அவ்வளவுதான். தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டியது நான்.

ஜூலை 14, திங்கள்

பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

அத்தைக்குப் பொழுது போகவில்லையாம். வாசிப்பது வேதாகமம் மட்டும்தான், அதுவும் இப்போது கூடாது. "எம்மக என்னதான் எழுதுதா? வாசிங்களேன் கேப்போம்." ரூ.விடம் போய்க் கேட்டேன், அம்மாவுக்கு நாலாம் பாகம் வாசிக்கட்டுமா என்று. சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு, "வாசிங்க."

முன்கதை சொன்னேன். தாகபுரம் மழை பெய்யாத நாடு. கானல் அரசன் கிணறு கிணறாக உறிஞ்சிக் குடித்து வாழ்கிறவன். கதாநாயகி வேம்பிக்கு மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அவளோடு ஒரு யாளி, பேர் தூங்கன், முக்கால்வாசி நேரம் தூக்கம். மூன்றாம் பாகத்துக் கடைசியில் கானல் அரசன் வேம்பியின் தம்பியைக் கொன்றுவிடுகிறான். இரண்டு வருடமாக ஜனங்கள் காத்துக் கிடப்பது அவள் அவனை என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கத்தான்.

"தம்பியவா கொன்னான்?"

"ஆமா அத்தை."

அத்தை தலையணையைச் சரித்து வைத்துக்கொண்டது.

"சரி. வாசிங்க."

வேலையிலிருந்து வந்ததும் இரண்டு மூன்று அத்தியாயம் என்று பேச்சு. தூங்கன் கொட்டாவி விடுகிற இடத்தில் அத்தை சிரித்துவிட்டது. சிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

காற்று பிடித்துவிட்டது. பிரஸ் வாசலில் வேப்பிலை குப்பை.

டீ வேளையில் போனில் பார்த்தது. வாசகர்கள் எழுதியிருப்பது:

– "நாலு பாகத்தில் இதுதான் உச்சம். பத்தொன்பதாம் அத்தியாயம் முடித்துவிட்டு மொட்டை மாடியில் போய் நின்றேன்."

– "பத்தொன்பதாம் அத்தியாயத்தோடு மூடி வைத்தாயிற்று. இனி தொடமாட்டேன்."

– "தூங்கன் போதவில்லை."

– "அட்டை அருமை." (மூன்று தடவை வாசித்தேன்.)

– "எதிரிக்குப் பணிவிடை செய்கிற கதாநாயகி யாருக்கு வேண்டும்? மூன்று பாகம் வாங்கியவன் முட்டாளா?"

– "என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை."

கட்டிங் மெஷின் முருகேசனும் முடித்துவிட்டான். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான். "ஏலே, உன் வீட்டுக்காரி செஞ்சது ஞாயமா? அம்புட்டுக் கொலை பண்ணினவன் உப்புக்காட்டுல வெந்து கெடக்கான். அவன் வாயில தண்ணி ஊத்துதா! நான் புஸ்தகத்தைத் தூக்கி எறிஞ்சிட்டேன்."

"எங்க எறிஞ்ச?"

"கட்டில்லதான்."

"பிறகு?"

"பிறகு எடுத்து வாசிச்சேன்."

இந்த முருகேசன் கல்யாணப் பத்திரிகையைக் கூட முழுதாக வாசிக்காதவன். நானூறு பக்கம் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று.

ஜூலை 18, வெள்ளி

அத்தை கண் சிவப்பு குறைவு. 14 அத்தியாயம் ஆயிற்று.

இன்று ஒரு ஆள் எழுதியிருந்தது: "இந்த எழுத்தாளருக்குக் கோபமே வராதா? சொந்த வீட்டில் ஒருத்தரைப் பறிகொடுத்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்."

பிரஸ்ஸில் கலர் பார்க்கும்போதும் அதே வரி. ஒரு கட்டு லேபிள் சிவப்பு வெளுத்துப் போனது. வீட்டுக்கு வந்து பதில் எழுத உட்கார்ந்தேன். என் பேரில் இல்லை, "உண்மை விளம்பி" என்று ஒரு பேரில். நீளமாக வந்தது. ஒரு வார்த்தையில் சந்தேகம்.

"ரூபி, பறிகொடுத்தவளுக்கு பெரிய ற-வா, சின்ன ர-வா?"

"பெரிய ற." பிறகு தலையைத் தூக்கினாள். "என்ன எழுதுறீக?"

போனைக் கொடுத்தேன். முழுதும் வாசித்தாள்.

எழுதியிருந்தது இதுதான். ஒன்பது வருடம் முன்பு சைமன், ரூ.வின் தம்பி, இருபத்து நாலு வயது. லைசென்ஸ் இல்லாத ஒரு பட்டாசு ஷெட்டில் வேலை. நடத்தினவன் வைக்கக் கூடாத அளவுக்கு வெடிமருந்து சேர்த்து வைத்திருந்தான். அது வெடித்தது. சைமன் அங்கேயே போய்விட்டான். நடத்தினவன் தீக்காயத்தோடு ரூ. வேலை பார்த்த வார்டுக்கே வந்தான். அடக்கம் முடிந்து நாலாம் நாள் டூட்டிக்குப் போனாள். லீவு போடு என்றேன், வேறு வார்டு கேள் என்றேன். ஆள் இல்லை என்றாள். பதினோரு நாள் அவன் புண்ணைக் கழுவி, கட்டுப்போட்டு, தண்ணீர் கொடுத்தாள். அவன் பிழைத்தான். ஊரை விட்டுப் போனான்.

அந்தப் பதிலில் எழுதாத இரண்டு. ஒன்று: அத்தைக்கு இது இன்றுவரை தெரியாது. இரண்டு: நான் அப்போது ரூ.விடம் ஒரு மாதம் பேசவில்லை.

ரூ. போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அனுப்பாதீக. அவரு புஸ்தகத்து மேல கோவப்படுதாரு. படட்டும். அவர வாயடைக்கதுக்கு சைமன எடுத்து எறியணுமா?"

அழித்துவிட்டேன். உண்மை விளம்பியும் போனான்.

ஜூலை 20, ஞாயிறு

கோயில் முடிந்து நேரே பைக்கில் விருதுநகர். நூலக மாடியில் வாசகர் கூட்டம். பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தோம். நாற்காலி போதாமல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எண்ண ஆரம்பித்தேன், ரூ. முறைத்தாள், விட்டுவிட்டேன்.

பருப்பு மண்டி வைத்திருக்கிற ஒருவர், வேட்டியில் மாவு வெள்ளை, முதலில் எழுந்தார். தினமும் கடை அடைத்துவிட்டு மகளுக்கு வாசித்துக் காட்டுகிறாராம். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பாதியில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாராம், மிச்சத்தை மகள் வாசித்தாளாம். சொல்லிவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு காலேஜ் பெண். மூன்று பாகத்துக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டு வைத்திருந்தாள். அவற்றை மார்போடு பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

"எங்களை ஏமாத்திட்டீங்கக்கா. அவன் அவ தம்பியைக் கொன்னவன். அவ தண்ணி குடுக்காம நடந்து போயிருந்தாக்கூடப் போதும், அவனே செத்திருப்பான். ஏன் குடுத்தா?"

மாடியே ரூ.வைப் பார்த்தது.

"வேம்பிக்கும் அவன் சாகணும்னுதான் இருந்துச்சு," என்றாள் ரூ. "அவன் தண்ணி கேட்டான். இவ கையில தண்ணி இருந்துச்சு. அம்புட்டுதான்மா."

"இது பதில் இல்லக்கா."

"ஆமா. எங்கிட்ட இருக்கது இம்புட்டுதான்."

ஒருத்தர் கை தட்டினார். ஒருத்தர் "அதெப்படி" என்றார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர்களுக்குள்ளேயே சண்டை, ரூ.வை யாரும் கேட்கவே இல்லை. ஏதோ சொந்த ஊர் வாய்க்கால் தகராறு மாதிரி. தாகபுரத்துக்காக! நம் வீட்டு அடுப்படி மேசையில் எழுதின ஊர்.

முடிந்ததும் அந்தப் பெண் கையெழுத்து கேட்டு வந்தாள். "நாலுல வேண்டாம்க்கா. மூணுல போடுங்க." ரூ. சிரித்துக்கொண்டே மூணில் போட்டாள்.

திரும்பும்போது ஆமத்தூர் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். காற்றில் பேச்சு கேட்காது என்பதால். "அன்னைக்கு ஒரு மாசம் நான் பேசாம இருந்தேன்ல. அது தப்பு," என்றேன்.

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "தெரியும். நீங்க சொல்லுவீகளான்னுதான் தெரியாம இருந்துச்சு."

வண்டியை எடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

மழை மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது.

பத்தொன்பதாம் அத்தியாயம். ரூ. டூட்டியில். தாண்டிவிடலாம் என்று முடிவு செய்து, 18 முடிந்ததும் மெதுவாகப் பக்கங்களைத் தள்ளி 20-இல் ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை. தாள் புரளுத சத்தம் நாலஞ்சு தடவ கேட்டுச்சே."

மாட்டிக்கொண்டேன். திருப்பி வந்து வாசித்தேன். உப்புக்காடு. கருகிக் கிடக்கிற கானல் அரசன். வேம்பி தோல்பையை அவிழ்ப்பது. துணியை நனைத்து முதலில் உதட்டைத் துடைப்பது, பிறகு தலையை ஒரு பக்கமாகத் திருப்பிச் சொட்டுச் சொட்டாக விடுவது. கடைசி வரி: "அவன் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. தம்பி குடிக்கும்போது கேட்ட அதே சத்தம்."

அத்தை அசையவில்லை. "நிறுத்துங்க," என்றது. அப்புறம், "தலைய ஒரு பக்கமாத் திருப்பி. எங்க வீட்டுக்காரருக்கும் ரூபி அப்படித்தான் குடுத்தா, கடைசியில. அந்த ஷெட்டுக்காரனும் வெந்துதான மாப்பிள்ளை கெடந்தான்?"

நான் புத்தகத்தை மூடினேன். அதுவே பதில் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ரூ. வந்ததும் அத்தை சோறு வேண்டாம் என்றது. சொட்டு மருந்து நான் விட்டேன்.

ஜூலை 23, புதன்

அத்தை சுவரைப் பார்த்துப் படுக்கை. ரூ. கஞ்சி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கஞ்சி அப்படியே.

பிரஸ்ஸில் லோடு ஏற்றினார்கள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. புத்தகம் இரண்டாம் அச்சுக்குப் போகிறதாம், பதிப்பகத்திலிருந்து போன். ரூ.விடம் சொன்னேன். "நல்லது," என்றாள். அத்தை அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 24, வியாழன்

வெயில். ரூ.வுக்கு வார விடுமுறை. எனக்கு மதியம்தான் ஷிப்ட்.

காலைச் சொட்டு மருந்தை ரூ. எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசற்படியில் செருப்பை மாட்டுகிற மாதிரி நின்றேன். எல்லாம் கேட்டது.

"ஏட்டி. அந்த ராசா, அவன்தான?"

"ஆமாம்மா."

"எத்தன நாளு பாத்த?"

"பதினோரு நாளு."

"தண்ணி கேட்டானா?"

"கேட்டான்."

"எம்புள்ள கேட்டானாட்டி? அவனுக்கு யாரு குடுத்தா?"

"சைமன் கேக்கலம்மா. கேக்க நேரமே இல்ல. நான் போய்ப் பாத்தேன்ல. அந்த முகம் தாகத்துல செத்த முகம் இல்ல. உங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அத்தை அழ ஆரம்பித்தது. அந்த மாதிரி அழுகையை நான் அடக்கத்தன்றைக்குக் கூடக் கேட்கவில்லை.

"அழக் கூடாதும்மா. கண்ணு. தையல்..."

"கொஞ்ச நேரம் நர்ஸாட்டம் பேசாம இருட்டி!"

பிறகு ரூ.வின் அழுகையும். ஒன்பது வருடத்தில் முதல் தடவை கேட்கிறேன். செருப்பை மாட்டிவிட்டு உண்மையிலேயே வெளியே போய்விட்டேன். தெருமுனைவரை, திரும்ப, தெருமுனைவரை.

பத்து மணிக்கு வந்தபோது அத்தை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. ரூ. பக்கத்தில் ஊறுகாய்ப் பாட்டிலோடு.

ஜூலை 25, வெள்ளி

டாக்டருக்குப் போன். கண்ணுக்கு ஒன்றும் ஆகாதாம்.

வேலையிலிருந்து வரும்போது எதிர்வீட்டு லட்சுமியக்கா நம் வீட்டில். அவர்களும் வாசித்து முடித்துவிட்டார்கள், அத்தையிடம் அபிப்பிராயம் கேட்க வந்திருக்கிறார்கள்.

"அந்த ராசாவுக்குத் தண்ணி குடுத்தது எனக்குப் பிடிக்கல," அத்தை சொல்லிக்கொண்டிருந்தது. "நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன். இன்னைக்குக் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"அப்ப கதை நல்லால்லங்கீகளா?"

"அப்படி யாரு சொன்னா?" கறுப்புக் கண்ணாடியோடு அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தது. "நம்மால முடியாதத ஒருத்தி செஞ்சிருக்கா. எம்மக." அப்படியே என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, வந்துட்டீகளா? இருபது."

சட்டைகூட மாற்றவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லட்சுமியக்காவும் போகவில்லை.