சுற்றினால் கேட்கும் குளம்

சாவகச்சேரி
தை, 1993

அன்புள்ள உங்களுக்கு,

"நாளைக்கு நீ கனடாவிலை இருப்பாய். எங்கடை குளம் உனக்கேன் பிள்ளை?" என்று அன்று ஊர்க்கூட்டத்தில் சங்கத் தலைவர் அருளம்பலம் அண்ணை கேட்டார். அதையேதான் நீங்களும் கனடாவிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

குளத்தைத் தூர்த்துத் தென்னை வைப்பது அவர் திட்டம். அது ஒரு குருவிகூட இல்லாத செத்த குளமாம். கோரைக்குள் ஒளிந்து வாழும் பறவைகளைக் கண்ணால் காண்பது அரிது, குரலால் அறியலாம். பொருளாதாரத் தடையால் இங்கே பற்றரி வருவதில்லை. பழையவற்றை வெயிலில் காயவைத்து, விடிகாலைகளில் அந்தக் குரல்களைக் கசற்றில் பதிந்திருந்தேன். கூட்டத்தன்று அந்தப் பற்றரிகளும் செத்துப்போக, சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ வயரை றெக்கோடரில் பொருத்தினேன்.

"உவள் ஏமாத்திப்போடுவாள், நானே சுத்திறன்" என்று அண்ணை மிதியைப் பிடித்தார்.

அவர் மெல்லச் சுற்ற, கசற் இழுபட்டு, கானாங்கோழி எருமைபோல முனகியது.

"பிள்ளை, உது மாடெல்லோ!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"கெதியாய்ச் சுத்துங்கோ அண்ணை."

சுற்றினார். கானாங்கோழி தன் குரலில் கத்தியது. அதன் குஞ்சுகள், தவளைகள், எனக்கே பெயர் தெரியாத இன்னொரு பறவை. சிரிப்பு நின்றுவிட்டது. கசற் முடிந்த பிறகும் அவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உவ்வளவும் எங்கடை குளத்துக்கையோ?"

"ஓம் அண்ணை."

என் குரல் நடுங்கவில்லை. நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாரி முடியும்வரை பதிந்து தரும்படி சங்கம் கேட்டது. சம்மதித்துவிட்டேன்; கனடாப் பயணம் அதற்குப் பிறகுதான்.

குளம் தூர்க்கப்படவில்லை. தென்னம்பிள்ளைகளை அருளம்பலம் அண்ணை தன் வளவில் நட்டார்.

என்றும் உங்கள்
மனைவி