கோட்டுப் போட்ட விண்ணப்பம்

திண்டிவனம்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

சூசையப்பர் துணை

அன்புத் தம்பி தேவாவுக்கு,

அக்கா கலையரசி எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நாங்கள் இருக்கிறோம். ரேடியோ என்று நான் வாயெடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால் தபாலில் போடுகிறேன். கிழிக்கிறதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்கு இப்போது வாரம் மூன்று நாள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். போன மாதம் வரை இரண்டு நாள்தான். கால் வீக்கம் வடியவே இல்லை. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எத்தினி மாசம்னு மட்டும் என்னக் கேக்காதம்மா” என்றார். நான் கேட்கவில்லை.

ஓசூர் கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு யாரும் பேச வேண்டியதே இல்லை, அதுவே நிம்மதியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். “என் கொரலு ரேடியோவுக்கு ஒதவாதுன்னு விழுப்புரத்துலயே முடிவு பண்ட்டாங்க” என்றாயாம். அப்படி யாரும் முடிவு பண்ணவில்லை தேவா. முடிவு பண்ணியது நான்தான்.

விழுப்புரத்தில் புது சமுதாய வானொலிக்கு அறிவிப்பாளர் வேலை என்று விளம்பரம் வந்ததும் உன்னைவிட நான்தான் குதித்தேன். எங்கள் டி.டி.பி. கடையில் ஊருக்கெல்லாம் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறவள், சொந்தத் தம்பிக்குச் செய்ய மாட்டேனா? ஒன்பது தடவை திருத்தினேன். உன் போட்டோவுக்கு நீலப் பின்னணி வைத்து, கடையில் எல்லாருக்கும் ஒட்டுகிற அந்தக் கறுப்புக் கோட்டை உனக்கும் ஒட்டினேன். ‘யார்க்கா இந்த மாப்ள’ என்று நீ சிரித்தாய்.

நீ உன் கையால் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி இருந்தது. பதினோரு வருடம் ஆரோக்கியராஜ் ஆட்டோவில் மைக் பிடித்துச் சாவு அறிவிப்பும் திருவிழா அறிவிப்பும் செய்திருக்கிறேன் என்று. அதை அழித்துவிட்டு ‘நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டேன். ‘பதினோரு வருசம்க்கா அது’ என்று நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். நான் எரிந்து விழுந்தேன். சாவு சொல்றவன்னு தெரிஞ்சா உள்ளயே வுடமாட்டாங்க, கேட்டாலும் வாயத் தெறக்காத என்று நேர்காணலுக்குப் பஸ் ஏற்றும்போதும் சொல்லி அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். கண்டாச்சிபுரம் பக்கம் ஊர் ஊராக நடந்துபோய், தெருவுக்குள் நுழையாமல் முனையிலேயே நின்று அப்பா சாவு சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். நீ அப்போது கைக்குழந்தை. சாவு சொல்ற ராயப்பன் மகள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் உன் விண்ணப்பத்திலும் ஏறக்கூடாது என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை லேமினேஷன் போட ஒருவர் கடைக்கு வந்தார். கோகுலகிருஷ்ணன் என்று பேர், அந்த வானொலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாராம். சுவரில் மாதிரிக்கு ஒட்டியிருந்த உன் படத்தைப் பார்த்ததும், “இவுரு உங்களுக்கு இன்னா வேணும்?” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கொரல் டெஸ்ட்டுல இவுரு படிச்சிக்கினு இருக்கசொல்லோ எல்லாரும் பேனாவக் கீழ வெச்சிட்டாங்க. எழுதி வெச்சிப் படிக்காம, ஜனங்க முன்னாடி நேரா மைக்குல பேசிப் பழக்கம் இருக்கான்னு மூணு தபா கேட்டாங்க. மூணு தபாவும் இல்லன்னுட்டாரு. நாங்க தேடுனதே அந்த மாதிரி ஆளத்தான்.” கடைசியில் சந்தையில் மைக் பிடித்து விலை கூவுகிற ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம். அவர் அதை மறைக்காமல் எழுதியிருந்தாராம். வந்த விண்ணப்பங்களில் இன்னும் இரண்டு பேர் அதே கறுப்புக் கோட்டில் இருந்தார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். அவர்களுக்கும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

மறுபடி ஆள் எடுப்பார்களா என்று கேட்டேன். எடுத்தாலும் முப்பத்தைந்து வயதுக்குள்தான் என்றார். போன மாதத்தோடு உனக்கு அது தாண்டிவிட்டது. அந்தக் கதவு மூடியாயிற்று. உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உன் குரலில் குறையில்லை என்பதை மட்டும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அத்தை செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார்கள். ஆரோக்கியராஜ் புதுசாக யாரையோ மைக் பிடிக்க ஏற்றிக்கொண்டு வந்தான். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் காலமானார் என்று அந்தப் புது ஆள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே போனான். அத்தையின் பேரையே சொல்லவில்லை. நீ முதலில் செத்தவர் பேரை இரண்டு தரம் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தானே உறவுக்குப் போவாய். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கடைசி வரை காது கொடுத்துக் கேட்டார்கள். “அவளுக்குன்னு ஒரு பேரு இல்லியா?” என்றார்கள். சாயங்காலம் என்னைப் பேனா எடுத்து வரச் சொன்னார்கள்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதிய அறிவிப்பை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். சவுரியம்மாள் என்ற அம்மா பேர் முதலிலேயே இருக்கிறது, இரண்டு தரம். தேதிக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். இதை நான் கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒன்றையும் அழிக்கவில்லை.

அதைப் பத்திரமாக வைத்துக்கொள். நான் கூப்பிடுகிற அன்றைக்கு மட்டும் போனை வைத்துவிடாதே. வந்து மைக்கைப் பிடி தம்பி.

உன் தொண்டைக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும்.

உன் அக்கா,
கலையரசி