பெயர் அதே, கைரேகை வேறு

ஜனவரி 7
ஆபீஸ் நண்பன் கலோயானின் பெயர் நாள், அவன் பெயருள்ள புனிதரின் திருநாள். எங்கள் ஊரில் பெயர் நாளுக்கு யாரும் அழைக்கத் தேவையில்லை, ஆபீஸ்காரர்கள் எல்லோரும் போனோம். பனிட்ஸா என்ற சீஸ் பேஸ்ட்ரியில் பாதித் தட்டை நானே தின்றேன். கிளம்பும்போது ஒரு பென் டிரைவைக் கையில் திணித்தான். "மருந்து லேபிள்ல ஒரு எழுத்து கட்டமா விழுதுன்னு புலம்புனியே. எழுத்து அச்சடிக்கிற இந்த லைப்ரரி ஃபைல உன் புரோகிராமோட போடு, சரியாயிடும்." நல்ல மனுஷன்.

ஜனவரி 8
சர்வரில் போட்டேன். எழுத்து ஒழுங்காக விழுகிறது.

பிப்ரவரி 19
கார்லோவோ ஊர் மருந்துக்கடை லேபிளில் 1,5 மில்லி என்பது 15 மில்லி என்று விழுந்திருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பதில் நாங்கள் போடும் காற்புள்ளி விழவில்லை. மூன்று வயதுக் குழந்தை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. லேபிள் நிரல் என்னுடையது. ஐயோ, என்ன செஞ்சு தொலைச்சேன்?

பிப்ரவரி 20
குழந்தை பிழைத்துவிட்டது.

பிப்ரவரி 22
என் நிரலில் தவறில்லை. மூன்று முறை பார்த்தேன். கடைசியில் அந்த லைப்ரரி கோப்பின் ஹாஷை எடுத்தேன். அறுபத்துநான்கு எழுத்து. கோப்புக்குள் ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிவிடும், கைரேகை மாதிரி. லைப்ரரியை வெளியிட்டவர்களின் பொதுப் பட்டியலில் அது 7be0 என்று தொடங்குகிறது. எங்களுடையது 4f1c. கலோயான் உள்ளே கை வைத்துவிட்டு, பெயரையும் பதிப்பு எண்ணையும் அப்படியே விட்டிருக்கிறான். எண்ணையாவது மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 23
"பேரப் பாரு, அதேதானே? நான் எதையும் தொடல" என்கிறான். என் கண்ணைப் பார்த்தே சொல்கிறான்.

மேலாளர் ப்ளாமென்: "சர்வர்ல போட்டது யாரு? உங்க பேருதான் இருக்கு, ரலிட்ஸா. அறுபத்துநாலு எழுத்தைத் தூக்கிட்டு வந்து அடுத்தவன் தலையில கட்டாதீங்க."

ஹாஷைப் பார்க்காமல் போட்டது நான்தான். அதுவும் உண்மை.

பிப்ரவரி 26
ராஜினாமா எழுதச் சொன்னார்கள். "என் கவனக்குறைவால்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். வேறெந்தக் கம்பெனி எடுக்கும் என்னை?

செப்டம்பர் 3
அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சு கோத்துக்கொண்டிருக்கிறேன். கலோயான் துறைத் தலைவனாம். நல்லா இருக்கட்டும்.

ஜனவரி 7
காலையில் நெவெனா என்றொரு பெண் கூப்பிட்டாள். என் பழைய நாற்காலியில் இப்போது அவள்தான். "தணிக்கைக்காரங்க எல்லா ஃபைலுக்கும் ஹாஷ் கேட்டாங்க அக்கா. நீங்க சர்வர்ல போட்ட 4f1c உலகத்துல எந்தப் பட்டியல்லயும் இல்ல. அதோட மூலம் கலோயான் ஃபோல்டர்ல மட்டும் இருக்கு. போன ஜனவரி ஆறாம் தேதி போட்டு. யார்கிட்ட சொல்றது? பயமா இருக்கு."

ஆறாம் தேதி. என் கைக்கு வருவதற்கு முந்தின நாள்.

"தாள்ல அச்சடிச்சு எடுத்துட்டு வா" என்றேன். "இன்னிக்கு அவனோட பெயர் நாள், ப்ளாமெனும் அங்கதான் இருப்பார். யாரும் கூப்பிட வேண்டியதில்ல. நானும் வரேன்."

ஆறு மணிக்கு அவன் வாசலில். பனிட்ஸாவைத் தொட மாட்டேன்.