நோன்பில் விட்ட மாத்திரை

பாலா

அன்பு மகள் டெஸ்ஸிக்கு அம்மா ஏலியாம்மா எழுதுவது. தெய்வ கிருபையால் இங்கு யாவரும் நலம் என்று எழுத எனக்கு இன்றுதான் துணிவு வந்திருக்கிறது. அங்கு உன் நலத்தை நான் இன்னும் நம்பவில்லை. தொலைபேசியில் நீ “சுகமா இருக்கேன் அம்மே” என்று பேச்சை முடித்துவிடுவதால், இடைமறிக்க இயலாத கடிதத்தைத் தேர்ந்துகொண்டேன்.

உன் அப்பச்சன் பெரிய நோன்புக்கு மீனையும் இறைச்சியையும் விட்டதோடு, மூச்சுத்திணறலுக்காகப் பல ஆண்டுகளாக உட்கொண்டுவந்த ஸ்டீராய்டு மாத்திரையையும் எவரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். தமக்கு இன்றியமையாததையே துறக்க வேண்டுமாம். பிறகு ரப்பர் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினார், சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார், “ஒண்ணுலயும் மனசு ஒட்டல ஏலியே” என்றார். நோன்பின் களைப்பென்று எண்ணி நான் பக்தியோடு கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு வர்க்கி வந்து, “என்னடா குரியாச்சா, ஈஸ்டருக்கு முன்னாடியே கல்லறைக்கு அவசரமா? எழுந்து வர நீ என்ன கர்த்தரா?” என்று சீண்டியும் அவர் முகம் அசையவில்லை. மறுநாள் தேவாலயத்தில் முழங்காலிட்டவர் மயங்கிச் சரிந்தார். மருத்துவமனையில் டாக்டர் அன்னம்மா, “மாத்திரைய விட்டதுக்குப் பீடிய விட்டிருக்கலாமே சேட்டா!” என்று அதட்டிவிட்டு என்னிடம் விளக்கினார். நெருக்கடியில் மூளை ஆணையிட, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்த சுரப்பிகள் கார்ட்டிசாலைச் சுரக்குமாம். அவ்வேலையை மாத்திரையே செய்துவந்ததால் அவை உறங்கிவிட்டன. அதுவும் திடீரென நின்றதும் உடலோடு மனமும் சரிந்தது. அந்தக் கார்ட்டிசால் மிகுந்தால் என்னவாகும் என்று கேட்டேன். ஓயாத கவலையிலும் உறக்கக்கேட்டிலும் அச்சுரப்பு அடங்கவேண்டிய வேளையில் அடங்காமல் போகலாம், மனச்சோர்வு நோயுற்ற பலரிடம் அவ்வாறு காணப்படுகிறது என்றார்.

இவை செவிலியான நீ கற்றவைதாம். ஆயினும் சென்ற ஞாயிறன்று, இரவுப் பணி முடிவதே இல்லை என்று சொல்லிவிட்டு, “ஒண்ணுலயும் மனசு ஒட்டல அம்மே” என்றாய். அப்பச்சனின் அதே சொற்கள். நோயும் அதுவே என்று தீர்ப்பளிக்க நான் யார்? ஆனால் அச்சொற்களை ஒருமுறை கேட்டுக் கஞ்சி வைத்தவள், மறுமுறையும் அதையே செய்யமாட்டேன். இந்த வாரமே மருத்துவரைப் பார். பிறருக்கு நீ சொல்வதை உனக்கும் சொல்லிக்கொள். தாங்கிக்கொள்வதை ஒரு நேர்ச்சையாக ஆக்கிவிடாதே.

அப்பச்சன் இப்போது மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறார். நேற்று, “கப்பைக்கிழங்குக்கு உப்பு போட மறந்தியா, இல்ல உப்பும் நோன்பா?” என்று வீடு அதிரச் சத்தமிட்டார், நான் அடுப்படியில் நின்று மகிழ்ச்சியில் அழுதேன். ஆகவே மகளே, எனக்குச் ‘சுகம்’ என்று எழுதாதே. மருத்துவரைப் பார்த்துவிட்டு, என்னைக் குறைசொல்லி நான்கு வரி எழுது.

மாதாவின் கரம் உன் தலைமேல் இருக்கட்டும்.

உன் வசவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஏலியாம்மா குரியாக்கோஸ்