அட்மின் பாஸ்வேர்டு

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி, பிள்ளைகள் சுகமா? போன் பண்ணி மாதக்கணக்காச்சு, அந்தச் சண்டையை அப்புறம் போடுகிறேன். வீட்டிலிருந்து செய்யும் வேலை ஒன்றுக்குப் பரிசோதனையாக ஒரு புரோகிராம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு வேண்டிய மாட்யூல்களை, அதாவது ரெடிமேட் புரோகிராம் துண்டுகளை, இறக்கும் கருவியைக் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து நிறுவினால் 'அனுமதி இல்லை' என்றே வருகிறது. லேப்டாப் உன் மாப்பிள்ளையுடையது. அட்மின் பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும்.

போன வாரம் சட்டையில் சுருக்கம் இருந்ததற்கு என் தலையைக் கதவில் மோதினார். காது இன்னும் இரைகிறது. இந்த வேலை கிடைத்தால் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன் அண்ணா. அவரிடம் மூச்சு விடாதே.

உன் வாயாடி


மார்ச் 5

அன்புத் தங்கை வாயாடிக்கு,

மாப்பிள்ளைக்குக் கோபம் ஜாஸ்திதான், ஆனால் உள்ளுக்குள் ஒன்றுமில்லை, கொஞ்சம் பொறுத்துப் போம்மா.

அட்மின் இல்லாமலும் நிறுவலாம். ஆனால் சுற்றுவழி, நீ குழப்பிக்கொள்வாய். ஆபீசில் நான் எப்போதும் செய்வதுபோல மெஷின் யாருடையதோ அவரிடமே கேட்டுவிட்டேன். நீ கிளம்புவதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தங்கச்சி வேலைக்கு எழுதிப் போடுகிறாள், பாஸ்வேர்டு மட்டும் வேண்டும் என்றேன். "அதுக்கென்ன மச்சான், நானே பாத்துக்கறேன்" என்று சிரித்தார். கவலையை விடு.

உன் அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் வந்தார். கதவைத் தாழிட்டார். "எந்தக் கையால டைப் அடிச்சே?" என்றார். வலது கையை மேசை டிராயருக்குள் வைத்து, காலால் உதைத்து மூடினார். மூன்று விரல் நசுங்கிப் போச்சு. பிறகு முடியைப் பிடித்துச் சமையலறைவரை இழுத்தார். இடது கைக்கு இஸ்திரிப்பெட்டி அகப்பட்டது. அவர் முழங்காலில் ஓங்கி அடித்தேன். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நிறுத்த மனசு வரவில்லை, இன்னும் இரண்டு அடித்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து தேடினேன். உன் சுற்றுவழி ஒரே ஒரு சொல், அண்ணா. கட்டளையின் கடைசியில் அதைச் சேர்த்தால் கருவி என் கோப்புறைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, யார் அனுமதியும் வேண்டாம். அப்புறம் 'அப்படியொரு கட்டளையே இல்லை' என்று லேப்டாப் அடம்பிடித்தது. கருவி இருக்கும் பாதையை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன், ஓடியது. இடது கையால் தட்டித் தட்டிப் புரோகிராமை அந்த வெள்ளிக்கிழமையே அனுப்பினேன். நேற்று வேலை உறுதியாகிவிட்டது.

அந்த ஒரு சொல்லை நீ எழுதியிருந்தால் என் விரல்கள் இருந்திருக்கும். உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன், அழுகைதான் வருகிறது.

எங்கே இருக்கிறேன் என்று கேட்காதே. அவர் சிரித்துக் கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

உன் தங்கை