பெரியவனையும் சேர்த்து

உ

மந்துவில்,
கொடிகாமம்.
ஆவணி மாதம்.

அன்புள்ள தங்கச்சி நிவேதனாவுக்கு,

அக்கா சிவகௌரி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எங்கள் வீட்டில் கடிதம் தொடங்குவது வழக்கம். இந்தமுறை அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீயும் உன் கணவரும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அது மட்டும் உண்மை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனை எடுத்தால் பெடியள் இரண்டு பேரும் மடியில் ஏறிவிடுகிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு கதைக்கிற கதை இல்லை இது. அதனால்தான் கடையில் இருந்து, வெங்காய மூட்டைக்கு மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் அவர்களுடைய புதினம். லக்ஷனுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. அக்ஷனுக்கு ஆறு. வீட்டில் விட்டால் வீடு இல்லை, சந்தைக்குக் கொண்டுபோனால் சந்தை இல்லை. போன கிழமை தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து மீன்குஞ்சு விட்டிருக்கிறார்கள். நான் முகம் கழுவப் போனால் குழாயில் மீன் வருகிறது. அதற்கு அடுத்த நாள் சின்னவனைத் தள்ளுவண்டியில் இருத்தி, பெரியவன் தள்ளிக்கொண்டு ஓடி, பக்கத்துக் கடைப் பத்மாவதி அக்காவின் தக்காளிப் பெட்டிகளுக்குள் கொண்டுபோய் விட்டான். அவ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சிவகௌரி, உதுகள் ரெண்டையும் ஏலத்திலை விடடி. போற விலைக்குப் போகட்டும்" என்றா. "சோடியாத்தான் குடுப்பன் அக்கா, பிரிச்சு விக்கிறேல்லை" என்றேன். சந்தையே சிரித்தது. நசுங்கிய தக்காளியை இரண்டு பேரும் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, அதிலேயே எறிந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.

இனி என் விஷயம். தலைமயிர் முழுதும் கொட்டிவிட்டது. புற்றுநோய் வருத்தம் ஈரலுக்கும் பரவிவிட்டது. ஆசுபத்திரியில் இருக்கிற டொக்டர் பிள்ளை நல்லவள், சுற்றி வளைத்துச் சொன்னாள். "தங்கச்சி, நான் சந்தையிலை நிக்கிறவள். அழுகினதை அழுகினது எண்டு சொல்லுங்கோ" என்றேன். அடுத்த பொங்கலுக்கு இருப்பேனா என்று கேட்டேன். அவள் பேனையைத் திறந்தாள், மூடினாள். எனக்கு விளங்கிவிட்டது. இப்பொழுதும் காலையில் கடை திறக்கிறேன். மத்தியானம் ஆனால் நிற்க முடிவதில்லை, சாக்கில் சரிந்துவிடுகிறேன்.

உன் அத்தானின் செத்த வீட்டுக்கு வெளிநாட்டில் இருந்து உன்னால் வரமுடியவில்லை. அன்று நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. போன வருடம் லொறி புரண்டு அவர் போய், உடம்பைக் கொண்டுவந்த நாள். லக்ஷனுக்கு மொட்டை அடித்து, வேட்டி கட்டி, தோளில் கொள்ளிக்குடத்தை வைத்தார்கள். அதைக் கண்ட அக்ஷன் தனக்கும் குடம் வேண்டும் என்று நிலத்தில் விழுந்து புரண்டு கத்தினான். அவனுக்கு அது அண்ணாவுக்கு மட்டும் கொடுத்த விளையாட்டுச் சாமான். யாராலும் அடக்க முடியவில்லை. எங்கள் கடையில் மூட்டை இறக்குகிற தம்பிஐயா அண்ணைதான் அவனைத் தூக்கினார். "அழாதை ராசா. அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்குக் கடைக்குட்டி. அம்மாவுக்கு நீதான் கொள்ளி வைக்கிறது. அப்ப நாங்கள் அண்ணாவுக்குக் குடுக்கமாட்டம்" என்றார். எங்கள் முறையும் அதுதானே. பிள்ளை உடனே அழுகையை நிறுத்தினான். பிறகு பள்ளிக்கூடத்திலும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பொழுது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் தலை மொட்டையானதும் அவன் அந்தக் கதையை விட்டுவிட்டான். வீட்டில் மொட்டை என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் நெருப்புப்பெட்டி தங்கவில்லை. சாமிக்கு விளக்கு வைக்கப் போனால் இல்லை. புதிது வாங்கி வைத்தால் அடுப்பு மூட்டுகிற நேரம் அதுவும் இல்லை. பெடியள் எங்கேயோ நெருப்புக் கொளுத்தி விளையாடுகிறார்கள் என்று நினைத்து, பூவரசம் தடி முறித்துப் பெரியவனுக்குப் போட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் மோட்டர் வேலை செய்யாமல், கிணற்றில் வாளி விட்டு அள்ளினேன். ஊறிப்போன நெருப்புப்பெட்டிகள் தண்ணீரோடு வந்தன. சின்னவன் ஓடிவந்து வாளியைப் பார்த்தான். பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நெருப்புப்பெட்டி இல்லாட்டி என்னாலை வைக்க ஏலாதுதானே அம்மா" என்றான்.

தான் அன்று குடம் கேட்டபடியால்தான் எனக்கு வருத்தம் வந்தது என்று அந்தப் பிள்ளை இத்தனை நாளும் நினைத்திருக்கிறது.

பெரியவன் பின்னால் நின்றான். "நான் அவனுக்குச் சொல்லிப்போட்டன் அம்மா. உனக்குப் பயமெண்டால் நான் வைக்கிறன் எண்டு. எனக்குப் பழக்கம்தானே" என்றான்.

ஒன்பது வயது, நிவேதனா.

இரண்டு பேரையும் கிணற்றடியில் இருத்தி, அந்த வேலை உங்களில் ஒருவருக்கும் இல்லை, சித்தப்பா செய்வார் என்று சொன்னேன். உரும்பிராயில் இருக்கிற உன் அத்தானின் தம்பி றஜிந்தனிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்க இதென்ன முறை என்று ஊர் கதைக்கும். ஊர் கதைக்கிற நேரம் நான் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை.

இப்பொழுது நீ போனில் பேசி அனுப்பிய குரல் செய்திக்கு வருகிறேன். "அக்கா, சின்னவனை நாங்கள் பாக்கிறம். பெரியவன் வளந்திட்டான்தானே, அவனை உரும்பிராயிலை விடுங்கோ" என்று நீ சொன்னதை எனக்கு முன்னம் லக்ஷன் கேட்டுவிட்டான். அழவில்லை. என்னிடம் வந்து, "சித்தியட்டைச் சொல்லுங்கோ, அவனுக்கு இருட்டெண்டால் பயம். லைற்றை நிப்பாட்ட வேண்டாமெண்டு" என்றான். அவ்வளவுதான். பிறகு போய்ப் பந்து விளையாடினான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைக்காக நீ எத்தனை கோயிலும் ஆசுபத்திரியும் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும். சின்னவனை ஏன் கேட்கிறாய் என்பதும் தெரியும். ஆறு வயது மறந்துவிடும். உன்னை அம்மா என்று கூப்பிடும். கூப்பிடட்டும். எனக்குக் கொஞ்சம் நோகும்தான், ஆனால் அது என்னோடு போய்விடும். பெரியவன் மறக்கமாட்டான். உனக்கு அந்தப் பயம். வீடு சின்னன் என்று நீ சொன்னது சும்மா சாட்டு. இங்கே இரண்டு பேரும் ஒரே பாயில்தான் படுக்கிறார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் எது யாருடைய கால் என்று தெரியாது.

சட்டத்தரணியிடம் விசாரித்தேன். இரண்டு பேரையும் நீ அங்கே கூப்பிடுவது கஷ்டம், காலம் எடுக்கும், ஆனால் முடியாத காரியம் இல்லை என்றார்.

நான் நேராகவே சொல்கிறேன். இரண்டு பேரையும் எடுப்பதென்றால் எடு. இல்லையென்றால் இரண்டு பேரும் உரும்பிராய்க்குத்தான் போவார்கள். றஜிந்தன் ஓம் என்றுவிட்டான். அங்கே சோறு கிடைக்கும். அவனுக்குப் பின்னேரத்தில் கள்ளு வேண்டும், குடித்தால் கையும் நீளும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். அடி விழுந்தாலும் ஒருவன் மற்றவனைப் பார்த்துக்கொள்வான். நல்ல வீட்டில் தனியே இருந்து அழுவதைவிட அது பரவாயில்லை என்பது என் கணக்கு. என் கணக்குப் பிழையென்றால் வந்து சொல்.

மார்கழி விடுமுறைக்கு வா. என்னைப் பார்க்க வேண்டாம், என்னில் பார்க்க இனி ஒன்றும் இல்லை. அவர்களோடு வந்து இரு. சொக்லேற் கொண்டுவராதே, அதைக் கண்டால் இரண்டும் நல்ல பிள்ளைகள் மாதிரி நடிக்கும். குழப்படியைப் பார், சண்டையைப் பார், பிறகு முடிவெடு. லக்ஷனை ஒருதரம் மடியில் இருத்திப் பார். கூச்சப்படுவான், நெளிவான், விடாதே. அப்பா போனபிறகு எல்லோரும் அவனைப் பெரியவன், பெரியவன் என்று சொல்லியே நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். அவனை ஒருவரும் தூக்குவதில்லை. என்னாலும் இப்பொழுது முடியாது.

நீயும் உன் கணவரும் நீண்ட காலம் வாழவேண்டும். உன் வீட்டுச் சுவரில் பந்து அடித்த அடையாளம் விழட்டும். மேசையில் இரண்டு பேர் ஒரே கோழிக்காலுக்குச் சண்டை பிடிக்கட்டும். உனக்குக் காது வலிக்கட்டும், தங்கச்சி.

உன் அக்கா,
சிவகௌரி